நேரில் பார்த்தேன் என்று ஒரு கையெழுத்து

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் மழையை விசாரிப்பார்கள், பிறகு மீனை விசாரிப்பார்கள், கடைசியில் "ஆமா, நீ அங்க என்னதான் வேல பாக்க?" என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கட்டடப் பொறியாளர். போர்ட் பிளேரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து, கம்பி கட்டுவதைப் பார்த்து, எல்லாம் முடிந்ததும் இந்தக் கட்டடம் பத்திரமானது என்று கையெழுத்துப் போட உரிமம் பெற்றவள். தூத்துக்குடியில் இருக்கும் என் தம்பி ராபின் இதை இன்னும் சுருக்கி, "அக்கா அந்தமான்ல கையெழுத்துப் போடுதா" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். ஏதோ நான் நிபந்தனை ஜாமீனில் வெளியே இருப்பதாகத்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த உரிமத்தை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பு ஒரு படிவமும் இரண்டு புகைப்படமும் கொடுத்தால் போதும். இப்போது விதி மாறிவிட்டது. பொறியாளர் தன் அறிவையும் புதுப்பித்துக்கொண்டாரா என்று கேட்கிறார்கள். மூன்று வருஷத்தில் முப்பது மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, அதற்கான சான்றிதழ்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். போன மாதம் முதல் வாரத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உரிமம் மாதக் கடைசியில் முடிகிறது, உங்கள் கணக்கில் நான்கு மணி நேரம் குறைகிறது என்று இரண்டே வரி.

குறைந்த நான்கு மணி நேரமும் தொழில் நெறிமுறை வகுப்பு. அதை மட்டும் மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். பொய் சொல்லாதே, கையூட்டு வாங்காதே, இதெல்லாம் ஞானோபதேச வகுப்பிலேயே சிஸ்டர் அடித்துச் சொல்லிக் கொடுத்ததுதானே, இதற்கு எதற்கு நான்கு மணி நேரம் என்ற இளக்காரம்தான் காரணம்.

2

மற்ற இருபத்தாறு மணி நேரத்தை நான் முடித்த அழகை இங்கே எழுதிவிடுகிறேன். ஊரில் இருக்கும் பொறியாளர்கள் சென்னைக்கோ மதுரைக்கோ ஒரு நாள் போய், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டையும் ஒரு பையையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எங்களுக்கு அதற்குக் கப்பல் அல்லது விமானம். ஆகவே எல்லாம் இணையவழி. கடலுக்கு அடியில் கேபிள் வருவதற்கு முன்னால் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஒரு வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு சமையல் முடித்து வந்து பார்த்தால் பாதிதான் போயிருக்கும். இப்போது படம் நன்றாகவே வருகிறது. மின்சாரம்தான் அதன் இஷ்டத்துக்கு வருகிறது.

இந்த வகுப்புகளில் ஒரு ஏற்பாடு உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி தோன்றி, இருக்கிறீர்களா என்று கேட்கும். அரை நிமிஷத்துக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் அந்த மணி நேரம் கணக்கில் சேராது. நான் அடுப்பில் குழம்பை வைத்திருந்தால் அந்தப் பொத்தானுக்கு என் கணவர் ஆன்டனிதான் காவல். படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர் அவர், ஜங்க்லிகாட்டில் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகூடக் கிரீஸ் போகாத விரலால் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களைப் பற்றி இரண்டு மணி நேரம் எனக்காக இருந்தார். வகுப்பு முடிந்ததும், "பொத்தான் அமுக்குனது நான், சர்ட்டிபிகேட்டு ஒனக்கா?" என்று ஒரே குறை.

எனக்கும் இது புதிதில்லை. கல்லூரியில் படிக்கும்போது காலை முதல் வகுப்பில் என் தோழி ஷீபாவுக்கும் சேர்த்து நான்தான் 'உள்ளேன்' சொல்வேன். குரலைக் கொஞ்சம் மெலிதாக்கிச் சொன்னால் போதும். ஷீபா விடுதியில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். நான் ஊருக்குப் போகும் திங்கட்கிழமைகளில் அவள் எனக்காகச் சொல்வாள். அப்படி இருந்தும் இருவரும் முதல் வகுப்பில் தேறினோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் மகள் மெர்லின் பதினொன்றாம் வகுப்பு. நான் எட்டு மணிக்குப் படிக்க உட்கார்ந்தால் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். எட்டிப் பார்த்து மார்க் கேட்பாள். அவள் தமிழ் பேசுவாள், கேட்பவர்கள்தான் பொறுமையாக இருக்க வேண்டும். எனக்கு ஊர் என்பது தூத்துக்குடி. அவளுக்கு அது மெயின்லேண்ட். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது ராபின், "நாங்க என்னட்டி மெயின்லேண்டு? மாமா வீடுன்னு சொல்லு" என்று திருத்திக்கொண்டே இருந்தான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அதே பயணத்தில் நான் ஆட்டோக்காரரிடம் "பையா, ரோக்கோ" என்று ஹிந்தியில் நிறுத்தச் சொல்ல, அவர் வண்டியை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்து, எந்த மாநிலம் மேடம் என்று கேட்டார். நான் பிறந்த தெருவின் முனையில்.

3

நெறிமுறை வகுப்பு ஒரு சனிக்கிழமை மதியம். சென்னையிலிருந்து ஓர் அம்மா நடத்தினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே நடத்தினார். இந்த முறை பொத்தானை நானே அழுத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மணி நேரத்தில் ஒரு நிகழ்வைச் சொன்னார். ஒரு பொறியாளர். வெள்ளம் வந்ததால் அவரால் கட்டுமிடத்துக்குப் போக முடியவில்லை. வீட்டுக்காரர் கைப்பேசியில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, நேரில் பார்த்தேன் என்று சான்றிதழில் கையெழுத்திட்டார். இது சரியா, தவறா?

எல்லோரும் தவறு என்று அழுத்தினோம். நானும் அழுத்தினேன். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. கடைசியில் எனக்கு முழு மதிப்பெண். பூ வேலைப்பாடு போட்ட சட்டத்துக்குள் என் பெயருடன் சான்றிதழ் வந்து நின்றது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மெர்லின் அந்த நிகழ்வைப் படித்துவிட்டு, "அய்சா கோன் கர்தா ஹை, மம்மா?" என்றாள். இப்படியெல்லாம் யாராவது செய்வார்களா என்று அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம்.

"செய்வாங்க" என்றேன்.

செய்திருந்தேன். போன வருஷம், பாம்பூஃப்ளாட்டில், பஷீரின் வீட்டுக்கு.

சிராஜ் அண்ணன், பஷீர் தம்பி. பூர்வீகம் கீழக்கரை. சிராஜ் போர்ட் பிளேரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடல் ஏறி வந்த அந்தப் பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் இங்கே கட்ட வேண்டிய வேலை நிறைய இருந்தது; அதை நம்பித்தான் நானும் ஆன்டனியும் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினோம். எங்களுக்கு முதலில் அறை கொடுத்தவர் சிராஜ்தான், கடையின் மாடியில். அண்ணன் தம்பி இருவரும் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் பக்கத்துப் பக்கத்து மனையில் வீடு கட்டினார்கள். ஒரே வரைபடம். ஒரே மிஸ்திரி, நிர்மல். முதலில் அண்ணன் வீடு, நான்கு மாதம் கழித்துத் தம்பி வீடு.

ஒரு வீட்டைப் பொறியாளர் மூன்று முறை நேரில் பார்க்க வேண்டும். அஸ்திவாரம் போடும்போது ஒருமுறை, கம்பி கட்டி முடித்து காங்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒருமுறை, எல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை. நடுவில் வருவதுதான் முக்கியம், ஏனென்றால் காங்கிரீட் கொட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது. பஷீர் வீட்டில் அந்த நடுத் தடவை போக வேண்டிய அன்று காற்று எச்சரிக்கை கொடுத்து சாத்தம் துறையிலிருந்து போகும் படகை நிறுத்திவிட்டார்கள். படம் அனுப்பச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு படங்கள் வந்தன. கம்பி பிரமாதமாகக் கட்டியிருந்தது. கொட்டிக்கொள்ளுங்கள் என்றேன். மதியம் படகு ஓட ஆரம்பித்துவிட்டது. அதுவும் எனக்குத் தெரியும். அன்று ஷாதிபூரில் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. பிற்பாடு சான்றிதழில் மூன்று கட்டத்திலும் நேரில் பார்த்தேன் என்று எழுதினேன்.

4

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் நேராக சாத்தமுக்குப் போய் படகேறினேன். ஒன்றும் இருக்காது, ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் மனசு அடங்கும் என்றுதான் போனேன். பழைய படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்தேன்.

பஷீர் வீட்டில் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. திடீரென்று வந்து நின்றதில் அவருக்கு மகிழ்ச்சி. நான் படங்களைக் காட்டி ஒவ்வொரு தூணாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். எல்லாப் படத்திலும் பின்னால் ஒரு பலாமரம் தெரிந்தது. வெட்டிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அது காக்கா ஊட்டு மரம்ல, மேடம்" என்றார் பஷீர். அண்ணனை அவர்கள் காக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்தில் துளி மாற்றமில்லை. "நம்ம ஊட்டுத் தூண் மொத நாளே கொட்டியாச்சே. மிக்சர் மெஷின் மறுநா வடக்க ரங்கத் ஊருக்குப் போவுதுன்னுட்டாங்க. நீங்க படம் கேட்டீங்க. காக்கா ஊட்டுப் படம் போன்ல இருந்துச்சு. ரெண்டும் சேம் டு சேம்தானே."

அவர் என்னை ஏமாற்றியதாக நினைக்கவேயில்லை. ஒரே வரைபடம், ஒரே மிஸ்திரி, ஒரே கடைக் கம்பி. ஒரு வீட்டின் படம் இன்னொரு வீட்டுக்கு ஏன் ஆகாது? அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. பார்த்ததாகச் சொன்ன பொய் என்னுடையது.

சிராஜும் வந்துவிட்டார். விஷயத்தை அவர்களுக்கு விளக்கினேன். தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவோம். அந்த ரிங்கின் இரண்டு முனைகளும் தூணின் நடுவைப் பார்த்து நன்றாக உள்ளே மடங்கியிருக்க வேண்டும். சோம்பேறித்தனமாக மூலையோடு மடித்து விட்டிருந்தால் பூமி குலுங்கும்போது ரிங் அவிழ்ந்து தூண் நொறுங்கும். நம் தீவுகள் எந்த மாதிரி இடத்தில் இருக்கின்றன என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஷீர் வீட்டு ரிங்குகளை நான் பார்க்கவில்லை. நான் மட்டுமில்லை, யாருமே பார்க்கவில்லை.

சிராஜ் நிதானமான மனிதர். நிர்மல் மிஸ்திரி அப்படியெல்லாம் செய்ய மாட்டான் என்றார். இத்தனை வருஷம் பழகிய நாங்கள் உங்களை எழுதி மாட்டிவிடுவோமா என்று கேட்டார். பேசாமல் இருந்துவிடுங்கள், புதுப்பிக்கிற வேலையைப் பாருங்கள் என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது இதமாக இருந்தது. உரிமம் முடிய ஐந்து நாள்தான் பாக்கி. அது போனால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

பஷீரின் மனைவி ரஹ்மத் டீ கொண்டு வந்து வைத்தார். தட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"அக்கா, புள்ளைங்கள எந்த ரூம்ல படுக்கப் போட்டா நல்லது? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அந்த வீட்டை வரைந்தவள் நான். எந்தத் தூண் எந்த அறைக்கு மூலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எது நல்ல தூண் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

5

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் மண்டல் பாபுவின் முன் உட்கார்ந்தேன். நல்ல மனிதர், மதியச் சாப்பாட்டு மீனின் முள்ளைப் போலக் காகிதங்களைப் பொறுமையாகப் பிரித்தெடுப்பார். முப்பது மணி நேரமும் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். அடுத்தது உறுதிமொழி. 'நான் சான்றளித்த கட்டடங்கள் அனைத்தையும் எல்லா நிலைகளிலும் நேரில் பார்வையிட்டேன்.' எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்ற கட்டத்தில் டிக் செய்து, பஷீர் வீட்டுச் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக எழுதிய கடிதத்தையும் வைத்தேன்.

மண்டல் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தை யாரும் தொட்டதில்லை போலிருக்கிறது. கணினியில் அதை அழுத்தினால் அடுத்த பக்கம் வருமா என்றே அவருக்குத் தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, "சப் யெஸ் லிக்தே ஹைன், மேடம்" என்றார். எல்லோரும் ஆம் என்றுதான் எழுதுவார்களாம். புதுப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் தொடவில்லை. அவர் ஒரு பெருமூச்சு விட்டு அழுத்தினார். அடுத்த பக்கம் வந்தது. கோப்பு குழுவுக்குப் போகுமாம். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். உறுப்பினர்களில் இருவர் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார். அதுவரை நான் எதிலும் கையெழுத்திட முடியாது. ரசீதில் முத்திரை குத்தும்போது, எனக்கு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். பெரிய தியாகம் செய்ததாக ஒன்றும் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது. கையில் இருந்த இரண்டு வீட்டு வேலைகளை அன்று மாலையே இன்னொரு பொறியாளரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. ராபினுக்குப் போன் செய்தேன். உரிமத்துக்காக நெறிமுறை வகுப்பில் உட்கார்ந்தால் அதைக் காதில் வாங்கலாமா என்று திட்டினான். ஆன்டனி இரவுச் சாப்பாட்டுக்கு அவரே மீன் வாங்கி வந்து, அவரே ஆய்ந்து கொடுத்தார். மெர்லினிடம் எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். நடுவில் ஒரு முறைகூட அவள் ஹிந்தியில் குறுக்கிடவில்லை.

6

சிராஜ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடையைக் கடந்து போனேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. ஒன்பதாம் நாள் அவரே போன் செய்தார். நிர்மல் மிஸ்திரியை ரங்கத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாருங்கள், தூணை உடைத்துப் பார்த்துவிடலாம் என்றார். யோசனை தம்பி மனைவியுடையது என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

கையெழுத்துப் போட முடியாது என்றாலும் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. போனேன். நிர்மல் மிஸ்திரி விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார். வயது அறுபதை நெருங்கும் வங்காளி. அவர் கை பட்ட வீடுகள் இந்தத் தீவில் நிறைய. நான் வரைபடத்தை விரித்து, முன் வாசல் தூணிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம் என்றேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். மூலைத் தூண் முன்னால் போய் நின்றார்.

"பஹலே யே வாலா தேக்கியே, மேடம்" என்றார். முதலில் இதைப் பாருங்கள்.

அவரே சொன்னார். அன்று இருட்டிக்கொண்டு வந்தது, மிக்சர்காரன் அவசரப்படுத்தினான், மற்ற தூண்களை ஒழுங்காகக் கட்டியாயிற்று, கடைசித் தூணுக்கு மட்டும் ரிங்குகளை அவசரமாக மடித்தேன் என்றார். என்னிடம் சொல்லத்தான் இருந்தாராம். மேடம் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிட்டார் என்று பஷீர் சொன்னதும், பிறகு நான் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாராம். அவர் வாயை அடைத்தது என் ஓகே.

ஒரு சாண் அளவுக்குக் கொத்தி எடுத்தார். விரலை விட்டுத் தடவினேன். ரிங்கின் முனை உள்ளே போகவில்லை, மூலையோடு ஒட்டி நின்றது. அதற்கு மேலே உள்ளதும் அப்படித்தான். பிறகு மற்ற தூண்களையும் கொத்திப் பார்த்தோம். அவர் சொன்னபடி எல்லாம் சரியாக இருந்தன. சிராஜ் கடைக்குப் போன் செய்து இரும்பு முட்டுகளை அடுத்த படகில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

பின்மூலை அறையில்தான் பிள்ளைகள் படுப்பார்கள். ரஹ்மத் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். அவரிடம் நானே போனேன்.

"பின்னாடி ரூம் வேண்டாம் ரஹ்மத். அந்தத் தூணைச் சுத்திப் புதுசா கம்பி கட்டி காங்கிரீட் போட்டு, அது நல்லா இறுகுற வரைக்கும் வேண்டாம். முன் ஹால் நல்லா இருக்கு. நாலு தூணையும் பாத்துட்டேன்."

அவர் உள்ளே போனார். சின்னவன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கித் தோளில் போட்டு, இன்னொரு கையால் பாயை இழுத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் தாண்டி முன் ஹாலுக்குப் போனார்.